நெட்டையனைப் பின்னுக்கு அனுப்பிய முடிவு

மெல்பேணில் குளிர்காலம் தொடங்கினால் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு கவலை. மனைவிக்கு உடுப்புக் காயாது. எனக்கு எங்கள் அணி விளையாடத் தொடங்கிவிடும்.

எங்கள் அணி என்று சொல்லவே வாய் கூசுகிறது. இந்த நாட்டுக்காரர் ஃபுட்டி என்று சொல்லும் விளையாட்டு. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். உதைத்து வரும் பந்தை நிலத்தில் விழமுன் இரண்டு கையாலும் ஏந்திவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். மார்க் பிடித்தவனை ஒருவரும் தொடக்கூடாது. அவன் ஆறுதலாக நின்று, சப்பாத்தைச் சரிசெய்து, கோலுக்கு உதைக்கலாம். ஆகவே முன்னுக்கு நின்று பந்தைப் பிடிப்பவர்கள்தான் ஓர் அணியின் சீவன். எங்கள் முன்வரிசைக்காரர் சுடுசட்டியைத் துணி இல்லாமல் தூக்கியவர்கள்போலப் பந்தை விட்டுவிடுவார்கள். ஒருத்தன் இரண்டு பேர், ஒருநாள் இரண்டுநாள் என்றால் மன்னிக்கலாம். இவர்கள் வருடக்கணக்காக விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அணியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. படகில் வந்து, முகாமில் இருந்து, வெளியே விடப்பட்டு டண்டினோங்கில் ஒரு வீட்டில் ஏழு பேராகக் கிடந்த காலத்தில், குடியேறியவர்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து எங்களுக்கு இலவச ரிக்கற்றும் கழுத்தில் சுற்றும் கம்பளித் துணியும் தந்தாள். அவளுடைய காரில் வேறு நிறத் துணி இருந்திருந்தால் நாங்கள் வேறு அணிக்காரராய் இருந்திருப்போம். சந்தோசமாகவும் இருந்திருப்போம். ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரு வருடத்திலேயே புத்தி வந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் என் சிநேகிதனும்தான் இன்னும் போகிறோம்.

சிநேகிதன் என்றால் ஊரில் பக்கத்து ஒழுங்கை. ஒரே பங்கரில் இருந்தோம், ஒரே படகில் வந்தோம். இப்போது எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறான். பெயின்ற் அடிக்கும் வேலை. அதுவும் விசா புதுப்பித்து வந்தால்தான். கடிதம் வரப் பிந்தினால் வேலையும் இல்லை, மருத்துவ அட்டையும் இல்லை. பல்லுக் கொதித்தால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுப்பான்.

மைதானத்தில் எங்களுக்கு அடுத்த கதிரை ஓர் அங்கிளுடையது. எண்பதுகளில் விமானத்தில் வந்த எஞ்சினியர், இப்போது ஓய்வு. நாங்கள் தமிழில் திட்டியது காதில் விழுந்து, "எந்த ஊர் தம்பிமார்?" என்று கேட்டு ஒட்டிக்கொண்டவர். நல்ல மனிதர். ஆனால் படகு, முகாம் என்று ஏதும் பேச்சு வந்தால் உடனே போனை எடுத்துக் காலநிலை பார்க்கத் தொடங்கிவிடுவார். அதனால் அவரோடு விளையாட்டு மட்டும்தான் கதைப்போம்.

விளையாட்டிலும் ஒரே ஒரு விசயம்தான். சில வருடங்களுக்கு முன் எங்கள் அணி தப்பித்தவறி அரையிறுதிக்குப் போனது. அப்போது எங்களிடம் ஒரு நெட்டையன் இருந்தான். ஆகாயத்தில் எது போனாலும் பிடிப்பான். கடைசிக் கால் பகுதி, சில நிமிடங்கள் இருக்கின்றன, புள்ளியில் நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம். அப்போதைய கோச்சுக்குப் பயம் பிடித்தது. இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்து நெட்டையனை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்னுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் உதைத்த பந்தெல்லாம் முன்னுக்கு ஆளில்லாத புல்லில் விழுந்தது. எதிரணி எடுத்து எடுத்து வந்தது. ஒரு புள்ளியால் தோற்றோம். அடுத்த வருடம் நெட்டையன் வேறு அணிக்குப் போனான். அதற்கடுத்த வருடம் கோச்சைக் கலைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் அணி அரையிறுதிப் பக்கமே போகவில்லை.

இதை நாங்கள் மூவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக நடந்ததுபோலக் கதைப்போம்.

"அந்த கோச் ஒரு கோழை," அங்கிள் தொடங்குவார். "பிடிக்கிற கையைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு ஒளிச்சு வச்சவன். ஒரு எஞ்சினியர் அப்பிடி ஒரு டிசிஷன் எடுத்தால் பாலம் விழுந்திடும்."

"அங்கிள், அந்த நேரம் அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்பான் சிநேகிதன். "காப்பாத்துவம் எண்டுதானே செய்தவன். கெடுக்கவேணும் எண்டு செய்யேல்லையே. நாங்கள் வீட்டில இருந்து ரீவியில திரும்பத் திரும்பப் பார்த்துப்போட்டுக் கதைக்கிறம்."

"மண்ணாங்கட்டி!" என்று நான் குதிப்பேன். "உனக்கு அவன் என்ன மாமனோ மச்சானோ? பிழையைப் பிழை எண்டு சொல்லன்ரா. அவனைக் கோச் எண்டு வச்சதே விசர்வேலை."

"சரி, பிழைதான். அதுக்காகக் காலம் முழுக்க வச்சுத் திட்டுறதோ?"

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். முன்வரிசையில் நிற்கும் ஓட்டைக் கைகளைப் பார்த்து வரும் கோபத்தைவிடக் கூடுதலாக, இவன் அந்த மனிதனுக்காக வாதாடும்போது வரும். அங்கிள்கூட ஒருநாள் இவன் கழிவறைக்குப் போன நேரம் கேட்டார், "உம்மட சிநேகிதனுக்கு அந்த கோச்சில அப்பிடி என்ன பாசம்?" எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

அதைச் சொல்வதற்கு நான், படகில் வந்த எங்களை முதலில் அடைத்து வைத்த தீவு முகாமுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

படகில் வந்தவர்களில் எனக்குத்தான் ஓரளவு ஆங்கிலம். வவுனியாவில் போன் கடையில் நின்றபோது தொண்டு நிறுவனத்து வெளிநாட்டுக்காரருக்கு சிம் விற்று விற்றுப் படித்த ஆங்கிலம். முகாமில் அது பெரிய படிப்பாகிவிட்டது. நேர்முக விசாரணைக்குப் போகப்போகிறவர்கள் முதல்நாளே என்னிடம் வந்துவிடுவார்கள். சாப்பாட்டு மண்டபத்தின் கடைசி மேசையில் இருந்துகொண்டு நான் அதிகாரிபோலக் கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள். "இதை முதல்ல சொல்லு. இதைச் சொல்லாத. இதை இப்பிடிச் சொல்லு." எல்லா முகாமிலும் இப்படி ஓர் ஆள் இருந்திருப்பான். எங்கள் முகாமில் அது நான். என்னைப் பார்த்ததும் ஆட்கள் கதிரையை விட்டு எழும்பிய நாட்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய கதையும் ஒன்றுதான். போரின் கடைசி மாதங்களில் இயக்கம் எங்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பங்கர் வெட்ட வைத்தது, காயப்பட்டவர்களைத் தூக்க வைத்தது. போர் முடிந்தபின் அதே காரணத்துக்காக ஆமி எங்களைத் தனித்தனியாகக் கொண்டுபோய் விசாரித்தது. விசாரித்தது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிநேகிதனின் முதுகில் இன்னும் இருக்கிறது. சேட்டைக் கழற்றாமல் பெயின்ற் அடிப்பான், எந்த வெயிலிலும்.

அந்த நாட்களில் முகாமில் ஒரு கதை ஓடியது. இயக்கத்தோடு ஒருநாள் நின்றதாகச் சொன்னாலும் பாதுகாப்புச் சோதனையில் மாட்டிவிடுவார்கள், காலம் முழுவதும் உள்ளேதான் என்று. அப்படி மாட்டிய சிலர் உண்மையிலேயே இருந்தார்கள். நான் யோசித்தேன். சிநேகிதனைக் கடைசி மேசையில் இருத்திச் சொன்னேன்.

"பங்கர் வெட்டினதையும் விடு, பிடிச்சுக்கொண்டு போனதையும் விடு, ஆமி அடிச்சதையும் விடு. அதைத் தொட்டால் இதுவும் வரும். குண்டு விழுந்தது, வீடு போனது, பயமாக் கிடந்தது, அவ்வளவுதான். விளங்குதோ?"

"முதுகைப் பார்த்தால்?"

"ஆர் பார்க்கப்போறாங்கள்? சேட்டைக் கழட்டாத."

அவன் கழற்றவில்லை. சொல்லவும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னான். இவ்வளவு பெரிய விசயம் உண்மையாயிருந்தால் முதல் விசாரணையிலேயே சொல்லியிருப்பார், இது பிறகு சோடித்தது என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இடைக்கால விசா. நாட்டைவிட்டு வெளியே போகலாம், திரும்பி வரமுடியாது. மனைவியைக் கூப்பிட முடியாது. அவன் வெளிக்கிட்டபோது சுவரைப் பிடித்து நடந்த மகள் போன வருடம் பெரியபிள்ளையானாள். சடங்கை வீடியோவில் காட்டினார்கள். இங்கே மெல்பேணிலேயே, பிரைட்டன் பக்கம் யாரோ ஒருவர் வீட்டில் பெயின்ற் வாளிக்கு மேல் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு, மேல்தட்டுக்கு வெள்ளை அடித்தபடியே பார்த்தானாம். "நல்லா வளர்ந்திட்டாள் மச்சான், தாயைவிட உயரம்," என்றான்.

என்னை ஏற்றுக்கொண்டார்கள். முதலில் தற்காலிகம், பிறகு நிரந்தரம். போன வருடம் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை இழுத்தது அவன்தான். என் சின்ன மகள் முதலில் அவனைத்தான் அப்பா என்று நினைத்துக் கட்டிப்பிடித்தாள். சரியான சிரிப்பு அன்று. அவனும் சிரித்தான்.

இந்த வருடம் ஆட்டங்கள் தொடங்கிய கையோடு இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஒரு வழக்கறிஞர் அவனுடைய கோப்பைக் கையிலெடுத்தார். இளம் பெண், கெட்டிக்காரி. மந்திரிக்குக் கடைசியாக ஒரு முறையீடு எழுதிப் பார்க்கலாம் என்றார். மொழிபெயர்க்க நான்தான் கூடப்போனேன்.

"முதல் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எல்லாமே," என்று அவர் சொன்னார். "முகாமில் பயந்தார், எல்லோரும் பயந்தார்கள் என்று எழுதினால் எடுபடாது. அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் சொல்லவேண்டாம் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் வந்து, நான்தான் சொன்னேன், இன்ன இடத்தில் வைத்துச் சொன்னேன் என்று கையெழுத்து வைத்தால் அது வேறு. அந்த ஆளுக்கும் இதே கதை இருந்து, அவர் அதைச் சொல்லி ஏற்றுக்கொள்ளப்பட்டவராயும் இருந்தால்…" என்று கைகளை விரித்தார். "யாரென்று இவருக்கு ஞாபகம் இருக்கிறதா, கேளுங்கள்."

நான் திரும்பி அவனிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பல பேர் சொன்னவை எண்டு சொல்லு."

பல பேர் சொன்னார்கள் என்று நான் மொழிபெயர்த்தேன்.

யோசித்துப் பார்த்து ஆளைத் தேடுங்கள், குளிர்காலம் முடிய முன் அனுப்பவேண்டும் என்றார் வழக்கறிஞர். ரயிலில் திரும்பும்போது இரண்டு பேரும் முன்வரிசைக்காரரைப் பற்றித்தான் கதைத்தோம்.

பிறகு வாரங்கள் போயின. எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் எழுதுகிறேன் என்று இருந்துவிட்டு எழும்பிவிடுவேன். மனைவி குசினியிலிருந்து கேட்பாள், "அந்தாளுக்காக ஒரு கடிதம் எழுத உங்களுக்குக் கை வலிக்குதோ? பெட்டி இழுக்க மட்டும் அவர் வேணும்!" அவளுக்கு விசயம் தெரியாது. அவனுக்கும் பாதிதான் தெரியும். நான் அவனுக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னது அவனுக்குத் தெரியும். நான் என்னுடைய விசாரணையில் என்ன சொன்னேன் என்பது தெரியாது. எனக்கு விசா கிடைத்ததை அவன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தான். "உனக்கு வந்த ஆபீசர் நல்ல மனுசி," என்பான்.

அவனுடைய மனைவி இந்த வருடத்துக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லிவிட்டாள். வருவதென்றால் வாருங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், பிள்ளைக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டாளாம். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும். கேட்டு அலுத்துப்போய்க் கேட்கிறாள். அந்தக் கிழமை அவன் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். அன்றுதான் நான் எழுதினேன். முழுவதையும் எழுதினேன். இரண்டு பக்கம். கையெழுத்து வைக்கவில்லை, வழக்கறிஞருக்கும் அனுப்பவில்லை. முதலில் அவனுக்கு வாசிக்கவேண்டும். அவனுக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும், இப்படியான கடிதம் வாசிக்க வராது.

வீட்டில் வாசிக்க எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமை பின்னேரம் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். அரைநேர இடைவேளை. வழக்கம்போலப் புள்ளியில் பின்னுக்கு நிற்கிறோம். முன்வரிசைக்காரர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அங்கிள் கோச்சைத் திட்டித் தொண்டை வறண்டு, உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கப் போனார். தூறிக்கொண்டிருந்தது. நான் போனில் கடிதத்தைத் திறந்து, "மச்சான், கடிதம் எழுதினனான், கேள்," என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

கடைசி மேசையில் வைத்து நான் சொன்னது வந்தது. அவன் தலையை ஆட்டினான். "இதை ஏன்ரா எழுதினனீ?" என்றான், கோபமில்லாமல்.

"இன்னும் இருக்கு," என்றேன்.

அடுத்த பந்தி என்னுடைய விசாரணையைப் பற்றியது. அது அவனுடைய விசாரணைக்கு முதல்நாள் நடந்தது. நான் மற்றவர்களுக்குப் படிப்பித்ததைத்தான் ஒப்புவித்தேன். எல்லாம் முடிந்து அந்த அதிகாரி கோப்பை மூடும் நேரம், வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று வழமையாகக் கேட்டார். மொழிபெயர்க்க வந்த தமிழ் அம்மா அதை, "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ தம்பி?" என்று கேட்டார். தம்பி என்று அவரை யாரும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு உடைந்துவிட்டது. பங்கர், காயப்பட்டவர்கள், ஆமி, எல்லாம் கொட்டிவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம். வெளியே வந்தபோது நானே என்னை அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வாசித்து முடித்தேன். மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் இடைவேளை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு மத்தியானம் சாப்பாட்டு லைனில நிண்டனாங்கள்," என்றான்.

"ஓம்."

"எப்பிடிப் போச்சு எண்டு நான் கேட்டனான்."

"ஓம்."

"பேசிவச்ச மாதிரித்தான் எண்டு சொன்னனீ."

"ஓம் மச்சான்."

"எனக்கு அடுத்தநாள் காலமை."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நான் மாட்டிவிட்டேன், நீயாவது தப்பவேண்டும் என்று நினைத்தேன், அதனால்தான் சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அது முழுவதும் இல்லை. முகாம் முழுவதற்கும் படிப்பித்தவன் தன்னுடைய பாடத்தைத் தானே மறந்து அழுதுவிட்டு வந்தான் என்று சொல்ல எனக்கு வெட்கம். ஒரு சின்ன வெட்கம், மச்சான், அவ்வளவுதான் என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

"என்ன ரெண்டு பேரும் செத்தவீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?" அங்கிள் பொரியல் பெட்டியோடு வந்து இருந்தார். "இன்னும் பாதி ஆட்டம் கிடக்கு. எடும் தம்பி, சூடாக் கிடக்கு."

சிநேகிதன் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தான். ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆள் ஒருவன் உயர எழும்பி, விரல் நுனியில் தட்டி, விட்டான். அங்கிள் பொறுமையிழந்து, "நெட்டையன் நிண்டிருந்தால் உது கோல்!" என்று கத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லும் பார்ப்பம், கோச் செய்தது சரியோ?"

"பிழைதான் அங்கிள்," என்றான் அவன்.

அங்கிளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் இவர் வழிக்கு வந்திருக்கிறார் என்று என் தோளில் தட்டினார். நான் மழையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றும் தோற்றோம். எத்தனையால் என்று பார்க்கவில்லை. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அவன் எனக்கு முன்னால் நடந்தான். மேடையில் கிளேட்டன் பக்கம் போகும் ரயிலுக்குக் காத்து நின்றபோதுதான் பேசினான்.

"அந்தக் கடிதத்தை அப்பிடி அனுப்பாத."

"அதில்லாட்டி ஒண்டுமில்லையடா. அவ சொன்னதை நீயும் கேட்டனீதானே."

"கேட்டனான். நீ சிற்றிசன்சிக்குப் போட்ட பேப்பர் இன்னும் முடிவில்லாமல் உள்ளுக்குக் கிடக்கு. முகாமில சனத்துக்கு என்ன சொல்லவேணும், என்ன சொல்லக்கூடாது எண்டு படிப்பிச்சவன் எண்டு நீயே கையெழுத்து வச்சுக் குடுத்தால் சும்மா விடுவாங்களோ? மனுசி பிள்ளையள் வந்து இன்னும் ஒழுங்கா ஒரு வருசமாகேல்லை. சின்னவள் இப்பத்தான் பள்ளிக்கூடத்தில ஒரு சிநேகிதி பிடிச்சிருக்கிறாள்."

"அப்ப உன்ர பிள்ளை?"

அவன் என்னைப் பார்த்தான். படகேறிய இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் அன்றைக்கே அனுப்பியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

"ஆக்கள் சொன்னவை எண்டு எழுது," என்றான். "காணும்." ரயில் வந்தது. வேறு பெட்டியில் ஏறினான்.

ஞாயிறு முழுவதும் அந்த இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம், வடிவா எழுதுங்கோ," என்றாள். மகள் கம்பளத்தில் இருந்து யாருக்கோ பிறந்தநாள் அட்டை கீறிக்கொண்டிருந்தாள். கடிதத்தில் இருந்த "நான்" ஒவ்வொன்றையும் தேடித்தேடி எடுத்தேன். நான் சொன்னேன் என்பது முகாமில் பேசிக்கொண்டார்கள் என்றானது. கடைசி மேசை போனது. என் விசாரணைப் பந்தி முழுவதும் போனது. இரண்டு பக்கம் அரைப்பக்கமானது. கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை வேலையிடத்தில் தேநீர் இடைவேளையில் வழக்கறிஞர் போன் எடுத்தார். ஃபோர்க்லிப்டை நிறுத்திவிட்டுக் களஞ்சியத்துக்கு வெளியே போய்ப் பேசினேன். கடிதம் கிடைத்தது, நன்றி என்றார். கொஞ்சம் தயங்கினார்.

"ஆட்கள் பேசிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரிதாக நிற்காது, உங்களுக்கும் தெரியும். இவருக்கு நேரே வைத்துச் சொன்ன அந்த ஆள் யாரென்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்."

கனகாலமாகிவிட்டது, ஞாபகமில்லை என்றேன்.